மோட்டார் மிஸ் கைராசி

ஜனவரி 19, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன், மூன்றரைக்கு எழுந்தேன். நாற்பது சுருள். பேட்டரியைச் சுற்றி இருபது சுற்று சுற்றி உருவி எடுக்க வேண்டும், இரண்டு முனையும் ஒரு விரல் நீளம் வெளியே நீட்டியிருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பெரிய வேலை. செம்புக் கம்பியின்மேல் எனாமல் பூச்சு இருக்கும், பார்த்தால் தெரியாது. அதை உப்புத்தாளால் சுரண்ட வேண்டும். ஒரு முனையில் முழுக்க, மறு முனையில் பாதி வட்டம் மட்டும். அந்தப் பாதி தவறினால் மோட்டார் சுற்றாது. குளிர்காய்ச்சல் வந்தமாதிரி நடுங்கிவிட்டு நின்றுவிடும்.

வாரத்துக்கு ஐந்து பள்ளி. பிள்ளைகள் சுருளை வளைத்து நெளித்துவிடுவதால் வெள்ளிக்கிழமைக்குள் பெரும்பாலும் குப்பைக்குப் போய்விடும். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் புதிதாக நாற்பது. பெட்டிகளை அம்மாவின் கட்டில்மேல் அடுக்கி வைத்திருக்கிறேன். வேறு இடம் இல்லை.

வீட்டுக்கார அம்மா கீழேயிருந்து குரல் கொடுத்தார். "சுகந்தி, ஞாயித்துக்கிழமைகூட என்னத்தப் போட்டு உரசிக்கிட்டு இருக்க? எலி கரண்டுற மாதிரியே கேக்குது."

"ஸ்கூலுக்குக்கா."

"அதைப் பிள்ளைங்களே செய்யட்டும்னு விட வேண்டியதுதான?"

நேரம் பத்தாது என்றேன். உண்மைதான். ஒரு நாளில் எத்தனை வேலையைத்தான் திணிக்க முடியும்.

ஜனவரி 21, செவ்வாய்

சாத்தூர் பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளி. முப்பத்திரண்டு பிள்ளைகள். எங்கள் வேனில் 'செய்து பார்' என்று பெரிதாக எழுதியிருக்கும், அதைப் பார்த்தாலே கேட் வரை ஓடிவருவார்கள். காலையில் காகிதத்தில் பாலம் கட்டி அதன்மேல் செங்கல் வைப்பது, மதியம் கண்ணாடித்துண்டு வைத்துப் பெரிஸ்கோப், கடைசியாக மோட்டார். இரண்டு ஊக்கு, ஒரு பேட்டரி, ஒரு காந்தம், என் சுருள். சுருளை ஊக்குகளில் தொங்கவிட்டு விரலால் ஒரு தட்டு தட்டினால் விர்ரென்று சுற்றும். அந்த நேரத்தில் எந்த ஊர்ப் பிள்ளையும் ஒரே சொல்லைத்தான் சொல்லும். "மிஸ், சுத்துது."

மூன்றரைக்கு எல்லாவற்றையும் பிரித்து, எண்ணி, பெட்டியில் போட வேண்டும். மறுநாள் வேறு பள்ளி. அதே பள்ளிக்கு நாங்கள் இரண்டாம் முறை போவதில்லை. ஆறு வருடத்தில் ஆயிரம் பள்ளிக்கு மேல் ஆகிவிட்டது, ஒரு பிள்ளையையும் இரண்டாவது நாள் நான் பார்த்ததில்லை.

டிரைவர் சவரிமுத்து வேனுக்குள் உட்கார்ந்து, மனைவியோடு போனில் பேசிக்கொண்டே சாப்பிட்டார். நான் புளியமரத்தடியில் சாப்பிட்டேன். காக்கைக்குப் பாதி போட்டேன்.

ஜனவரி 24, வெள்ளி

சென்னை அலுவலகத்திலிருந்து நிர்மல் கூப்பிட்டான். நல்ல பையன், மாதத்துக்கு ஒருமுறை மட்டும்தான் கூப்பிடுவான். "மேடம், டோனர்ஸ் ஒரு சக்ஸஸ் ஸ்டோரி கேக்குறாங்க. ஒரே ஒரு பிள்ளை போதும். உங்க வேனால அவ வாழ்க்கை எப்படி மாறிச்சு, ஒரு போட்டோ. பிப்ரவரி முடியறதுக்குள்ள வேணும்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி அடுத்த வருஷம் வேன் கிடையாது மேடம். வீடியோ எடுத்து ஸ்கூலுக்கு அனுப்பிடலாம்னு பேச்சு."

ஒரே ஒரு பிள்ளை. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் என் முகவரியைப் போர்டில் எழுதி, சந்தேகம் இருந்தால் கடிதம் போடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். ஆறு வருடத்தில் வந்த கடிதங்கள் மூன்று. ஒன்று, காந்தம் கேட்டு. இரண்டாவது, ஒரு தலைமையாசிரியரின் பணி நிறைவு விழா அழைப்பிதழ். மூன்றாவது வெறும் உறை, உள்ளே கடிதத்தை வைக்க மறந்துவிட்டது அந்தப் பிள்ளை.

பிப்ரவரி 2, ஞாயிறு

நாற்பது.

சுரண்டிக்கொண்டிருக்கும்போது ஒரு முகம் ஞாபகத்துக்கு வந்தது. போன வருடம் இதே மாதம், வெள்ளையூரணி. ஏழாம் வகுப்புப் பெண், பொன்மாரி. எல்லாரும் மோட்டாரைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள், அவள் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இந்தச் சுருள் மட்டுமாவது வச்சுக்கிறேன் மிஸ்." கணக்கு இடிக்கும், தர முடியாது என்று வாங்கிக்கொண்டேன். போனில் தேடினேன், படம் இருக்கிறது. மோட்டார் சுற்றுகிறது, அவள் வாய் கொள்ளாமல் சிரிக்கிறாள்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்துவரப் போகிறேன். புதுப்புடவை ஒன்று இருந்தது, அதை இஸ்திரி போட்டு வைத்தேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

வெள்ளையூரணி போய்வந்தேன். கம்பி சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பிப்ரவரி 7, வெள்ளி

நேற்று எழுதியது எழுத்தே இல்லை. ஒழுங்காக எழுதுகிறேன்.

தலைமையாசிரியை ஜெபராணி டீச்சருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. இன்ஷூரன்ஸா என்று கேட்டார். பிள்ளைகளுக்குத் தெரிந்தது. "ஏ, மோட்டார் மிஸ் வந்திருக்காங்க" என்று வராண்டா முழுக்கச் சத்தம். ஆயிரம் பள்ளிக்குப் போயும் எனக்கு ஒரு பட்டப்பெயர் இருப்பது நேற்றுத்தான் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது. பத்து நிமிடம் இருந்தது.

பொன்மாரியைக் கேட்டதும் டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "அவளா? சயின்ஸ்னாலே இப்ப அவளுக்கு வேப்பங்காய்மா. போன வருஷம் நீங்க போனதுலருந்து ஒரே மோட்டார் மோட்டார்னு திரிஞ்சா. வைண்டிங் கடையில பழைய கம்பி வாங்கிட்டு வந்தா, உடைஞ்ச ஸ்பீக்கர்லருந்து காந்தத்தைக் கழட்டுனா. ஆண்டு விழாவுல நான் சுத்திக் காட்டுறேன் டீச்சர்னு சொன்னா. நானும் சரின்னுட்டேன். ஊரே உக்காந்திருக்கு. மேடையில வச்சுத் தட்டுறா, தட்டுறா, அசையவே இல்ல. பசங்க விசிலடிக்கவும் அப்படியே இறங்கிப் போயிட்டா."

அவளை வரச் சொன்னார். உயரமாகிவிட்டிருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் என் பையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நீ செய்ததைக் காட்டு என்றேன். வீடு பக்கம்தான், போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்தாள். உள்ளே சுருள்கள். எண்ணினேன், பத்தொன்பது. பழுப்பு நிறத்தில் பளபளவென்று, ஒரு சுற்றுக்கு ஒரு சுற்று ஒட்டி உட்கார்ந்திருந்தது. என் சுருளைவிட நேர்த்தி. முனையைப் பார்த்தேன். அதுவும் பழுப்பாகவே இருந்தது.

பத்தொன்பதிலும் ஒரு முனையைக்கூட யாரும் சுரண்டவில்லை. யாராவது சொல்லியிருந்தால்தானே சுரண்டுவாள்.

"எனக்குக் கைராசி இல்ல மிஸ்" என்றாள். வருத்தப்பட்டுக்கூடச் சொல்லவில்லை, பெயர் கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். "உங்க கை பட்டாத்தான் சுத்தும். எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. எங்க அம்மாகூட இப்ப என்னைப் பாலுக்கு உறை ஊத்த விடுறதில்ல."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரே வாக்கியம்தான். கம்பி பழசு, அதனால்தான் என்று சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றேன். பஸ் ஐந்து மணிக்கு. நான் கிளம்பியது மூன்று மணிக்கு. இரண்டு மணி நேரம் நிழற்குடையில் உட்கார்ந்திருந்தேன். புதுப்புடவையில்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நாற்பது. கை தானாகச் செய்கிறது.

அன்றைக்கு அந்த ஒரு சுருளை அவளிடம் விட்டுவந்திருந்தால் போதும். முனை ஏன் மினுங்குகிறது என்று ஒரே நாளில் கண்டுபிடித்திருப்பாள். அப்படிப்பட்ட பிள்ளைதான் அது. நான் கணக்குப் பார்த்து வாங்கி, பெட்டியில் போட்டு, வெள்ளிக்கிழமை குப்பையில் கொட்டியிருப்பேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

நிர்மல் மறுபடியும் கூப்பிட்டான். பொன்மாரி சிரிக்கிற படத்தை அனுப்பினேன். "செம போட்டோ மேடம். கூட நாலு வரி எழுதிட்டீங்கன்னா முடிஞ்சிருச்சு. வேன் உறுதி."

நாலு வரி எழுதினேன். 'வெள்ளையூரணி கிராமத்து மாணவி பொன்மாரி, நமது முகாமுக்குப் பிறகு தானாகவே பத்தொன்பது மின்சுருள்களைச் செய்திருக்கிறாள்.' பொய் ஒன்றுமில்லை. படித்துப் பார்த்தேன். அனுப்பவில்லை, அழிக்கவும் இல்லை.

பிப்ரவரி 17, திங்கள்

நேற்று சுருள் மட்டும் சுற்றினேன், முனையைத் தொடவில்லை. இன்று திருச்சுழி பக்கத்துப் பள்ளியில் பிள்ளைகள் கையில் உப்புத்தாளைக் கொடுத்தேன்.

மகா குழப்பம். ஒருத்தி இரண்டு பக்கமும் வழித்துவிட்டாள். ஒருவன் பேட்டரியையே சுரண்டினான். முப்பது பேரில் பதினோரு பேருடையதுதான் முதலில் சுற்றியது. அந்தப் பதினோரு பேரும் மற்றவர்களிடம் போய், "பாதிதான் சுரண்டணும், இங்க பாரு, இப்பிடி" என்று அதட்டி அதட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். நாலு மணிக்குள் இருபத்தேழு சுற்றியது. என்னை யாரும் கூப்பிடவே இல்லை. ஓரமாக நின்றேன்.

சுரண்டுவதற்கு ஆன நேரம், பார்த்து வைத்திருக்கிறேன், பன்னிரண்டு நிமிடம்.

பிப்ரவரி 20, வியாழன்

இன்று போக வேண்டிய பள்ளியில் ஏதோ ஆய்வு, வர வேண்டாம் என்றுவிட்டார்கள். வெள்ளையூரணிக்கு விடுங்கள் என்றேன். சவரிமுத்துவுக்குப் பிடிக்கவில்லை. "போன ஸ்கூலுக்கே திரும்ப யாராவது போவாங்களா மேடம்? லாக் புக்குல என்னத்த எழுத?"

"மறந்து வச்சிட்டு வந்த பொருளை எடுக்கன்னு எழுதுங்க."

எட்டாம் வகுப்பில் பதினெட்டுப் பிள்ளைகள். பொன்மாரி கடைசி வரிசை. போர்டு பக்கம் நின்றுகொண்டு சொன்னேன். "போன வருஷம் நான் உங்ககிட்ட ஒண்ணைச் சொல்லாம விட்டுட்டேன். கம்பி மேல ஒரு பூச்சு இருக்கு. அதைச் சுரண்டினாத்தான் கரண்ட் போகும். என் சுருளை எல்லாம் நானே வீட்டுல சுரண்டி எடுத்துட்டு வந்தேன். அதனாலதான் சுத்துச்சு. கைராசி எல்லாம் ஒண்ணும் இல்ல. பொன்மாரி செஞ்சதுல தப்பே இல்ல. தப்பு என்னோடது."

ஒரு பையன் மெதுவாக, "அப்ப இவ்வளவு நாளா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். எல்லாரும் திரும்பிப் பொன்மாரியைப் பார்த்தார்கள்.

அவள் எழுந்து நின்றாள். "போன தடவை வந்தீங்களே மிஸ். அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப கம்பி பழசுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"ஒரு வருஷம் மிஸ்" என்றாள்.

எல்லாருக்கும் உப்புத்தாள் கொடுத்தேன். அவளிடம் நீட்டியபோது வாங்கிக்கொண்டாள். சுரண்டவில்லை. நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மற்ற பதினேழும் சுற்றியது. கிளம்பும்போது யாரும் கேட் வரை வரவில்லை. நான் அதை எதிர்பார்த்திருக்கவும் கூடாது.

வரும் வழியில் சவரிமுத்து போனை எடுக்கவில்லை. அருப்புக்கோட்டை பைபாஸ் வந்ததும் வண்டியை ஓரங்கட்டி, "டீ சாப்பிடுவோமா மேடம்" என்றார். ஆறு வருடத்தில் முதல் டீ.

பிப்ரவரி 23, ஞாயிறு

நாற்பதையும் நேற்றே சுற்றி முடித்துவிட்டேன், சுரண்ட ஒன்றும் இல்லை. இனிமேல் பிள்ளைகள்தான் சுரண்டுவார்கள்.

பத்து மணிக்கே சமையல் முடிந்துவிட்டது. துணி துவைத்தேன், காயப்போட்டேன், காய்ந்ததா என்று மூன்று தடவை போய்ப் பார்த்தேன். வீட்டுக்கார அம்மா, "என்ன இன்னைக்கு எலிச் சத்தத்தைக் காணோம்" என்று கேட்டுவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை.

சரி, எழுதிவிடுகிறேன். இந்த நோட்டைப் படிக்க யார் இருக்கிறார்கள்.

முதல் இரண்டு வருடம் பிள்ளைகள்தான் சுரண்டினார்கள். நேரம் பத்தவில்லை என்று யாரும் சொன்னதில்லை. அதற்கடுத்த ஜூன் மாதம் அம்மா போனாள். பதினாறாம் நாள் முடிந்து எல்லாரும் ஊருக்குக் கிளம்பிய அடுத்த ஞாயிறு, இந்த அறையில் என்ன செய்வது என்று தெரியாமல் பெட்டியைத் திறந்து ஒரு சுருளை எடுத்து முனையைச் சுரண்டினேன். பிறகு இன்னொன்று. சாயங்காலம் வந்துவிட்டது. அடுத்த ஞாயிறும் அப்படியே வந்துவிட்டது. நேரம் பத்தாது என்று அலுவலகத்துக்குச் சொன்னேன். அவர்களும் பாராட்டினார்கள்.

நேரம் மிச்சப்படுத்த அல்ல. நேரத்தைக் கொல்ல. என் ஞாயிற்றுக்கிழமை நகர்வதற்காக நான்கு வருடப் பிள்ளைகளின் கையிலிருந்து பன்னிரண்டு நிமிட வேலையைப் பிடுங்கிக்கொண்டேன். வீட்டில் போய்ச் செய்து பார்த்து, சுற்றாமல், தன் கையையே சந்தேகப்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர் என்று தெரியாது. கடிதம் போட அவர்களுக்கு என்ன இருந்திருக்கும்.

அம்மா இருந்திருந்தால் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பாள். அழுதேன்.

மாலையில் நிர்மலுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். நாலு வரி இல்லை, இரண்டு பக்கம்.

பிப்ரவரி 26, புதன்

நிர்மல்: "மேடம், நல்லாதான் எழுதியிருக்கீங்க. ஆனா இதை டோனர்ஸ்கிட்ட நான் எப்படிக் காட்ட?"

காட்டுங்க என்றேன்.

மார்ச் 5, புதன்

வேன் இந்த மாதத்தோடு நிற்கிறது. சவரிமுத்துவுக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலை கிடைத்துவிட்டது. எனக்குச் சென்னையில் வீடியோவுக்குப் பேசும் வேலை தரலாம் என்கிறார்கள். காமிராவைப் பார்த்து "சுற்றுகிறதா பாருங்கள்" என்று கேட்க வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 11, செவ்வாய்

மதியம் ஜெபராணி டீச்சர் போன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆண்டு விழா. பொன்மாரி மேடையில் மோட்டார் செய்து காட்டப்போகிறாளாம். அவளே வந்து பெயர் கொடுத்தாளாம்.

"வந்திருறேன் டீச்சர். லீவு சொல்லிட்டு மதியமே வந்திருறேன்."

"இல்லம்மா, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க. மோட்டார் மிஸ்ஸை வரவேண்டாம்னு சொல்லுங்க டீச்சர்னு சொல்றா. நீங்க அங்க இருந்தீங்கன்னா, சுத்தினதும் ஊர்ல எல்லாரும் மிஸ் கைராசிதான்னு சொல்லிருவாங்களாம்."

சரி என்றேன். அவள் சொல்வது நியாயம். நியாயமாக இருப்பதால் வலிக்காமல் போய்விடுமா.

மார்ச் 14, வெள்ளி

ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன். விழா ஆறு மணிக்கு. முதலில் கடவுள் வாழ்த்து, பிறகு ஆண்டறிக்கை, ஒன்றாம் வகுப்பு நடனம். ஆறே முக்காலுக்கு அவள் முறை வரலாம் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். ஆறே முக்காலுக்கு உப்புமாவை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து, அடிப்பிடித்துவிட்டது.

இரண்டு பக்கமும் முழுக்கச் சுரண்டியிருப்பாளோ. மேடையில் காற்று அடித்தால் சுருள் ஊக்கிலிருந்து கழன்றுவிடும், அதை நான் சொல்லவில்லை. பேட்டரி புதிதா. இதையெல்லாம் யாரிடம் கேட்பது.

ஏழு இருபதுக்கு ஜெபராணி டீச்சர் எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தேன். ஒரே கூச்சல், மைக்கில் யாரோ பெயர் வாசிக்கிறார்கள். மூச்சு வாங்கும் சத்தம். டீச்சர் இல்லை.

"மிஸ், நீங்க வரலைல?"

"வரலை. வீட்டுலதான் இருக்கேன்."

"எங்கயும் பின்னாடி நிக்கலையே?"

"இல்லம்மா. சத்தியமா வீட்டுலதான் இருக்கேன்."

"எல்லாரும் கேக்குறாங்க, மோட்டார் மிஸ் வந்திருக்காங்களான்னு. வரலைன்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க. எங்க அம்மா மேடைக்குப் பின்னாடி போய்த் தேடிட்டு வந்திருச்சு. இன்னும் நிக்கல மிஸ். ஓடிக்கிட்டே இருக்கு. வச்சிரட்டா?"

"வை" என்றேன்.

வைத்துவிட்டாள். அம்மாவின் கட்டிலிலிருந்து பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கித் தரையில் அடுக்கினேன். நான்கு வருடத் தூசு. தட்டிவிட்டு, ஒரு விரிப்பை எடுத்துப் போட்டு, இன்று அங்கே படுத்துக்கொள்ளப் போகிறேன்.